சுவரோரம் மூன்றடி மண்

போடிநாயக்கனூரில் புதிதாகக் கட்டியிருக்கும் வீடுகள் வழியாக ஒரு நடை போய்ப் பாருங்கள். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலு பக்கமும் கல்தான். சாம்பல் நிற பேவர் பிளாக், இல்லையென்றால் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பதித்த பேவர் பிளாக், ஏலக்காய் விலை நன்றாக இருந்த வருஷத்தில் கட்டிய வீடென்றால் கிரானைட். ஒரு பிடி மண் கண்ணில் படாது. மண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக அஞ்சாறு தொட்டி, தொட்டிக்கு ஒரு குரோட்டன்ஸ், அடியில் பிளாஸ்டிக் தட்டு, தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு.

சுவரோரம் நாலு செடி வைத்தால் என்ன என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "வேரு போயி அஸ்திவாரத்தப் பொளந்துரும்ல." கொத்தனார் சொன்னார், பிளான் போட்ட இன்ஜினியர் சொன்னார், யூடியூபில் ஒருத்தர் சொன்னார். இவ்வளவு பேர் சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்தப் பதில் பொறியியல் இல்லை. பொறியியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வேர்.

ஒரு நந்தியாவட்டைக்கோ இட்லிப்பூச் செடிக்கோ வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கும். ஒரு அடி, மிஞ்சினால் இரண்டடி. காற்றும் சத்தும் ஈரமும் அங்கேதான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அது கீழே போய் என்ன செய்யப்போகிறது? நம் பக்கம் சாதாரண மாடி வீட்டுக்கே வானம் தோண்டுவது நாலடி, அஞ்சடி. வேரிடம் கடப்பாரை கிடையாது. மண் இளகிய பக்கம் போகும், இறுகிய கான்கிரீட்டில் முட்டினால் திரும்பிக்கொள்ளும். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்து, அதில் ஈரமும் கசிந்துகொண்டிருந்தால் உள்ளே நுழையும். அப்படியென்றால் வேர் நுழைந்த இடத்தில் அதற்கு முன்பே தண்ணீர் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆல், அரசு, அத்தி கதை வேறு. காக்கை எச்சத்தில் விழுந்த விதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்து, செங்கல்லுக்கு நடுவில் வேர்விட்டுப் பருத்து, சுவரையே நெட்டித் தள்ளுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோபுரங்களையே அது விடுவதில்லை. ஆனால் அரசங்கன்றை யாரும் சுவரில் நடவில்லை, அது தானாக வந்தது. அதன் மேலுள்ள பயத்தைக் கொண்டுபோய் இட்லிப்பூ தலையில் கட்டுவது நியாயமா?

பயத்துக்கு ஒரே ஒரு நேர்மையான வேர் உண்டு. களிமண். ஈரமானால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அந்த மண்ணில், ஆழமில்லாத அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில், பெரிய மரம் ஒன்று கோடை முழுக்கத் தண்ணீரை உறிஞ்சினால் அந்தப் பக்கம் மட்டும் மண் இறங்கும், சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். 1976-இல் பிரிட்டனில் கடும் வறட்சி வந்தபோது லண்டன் பக்கத்துக் களிமண்ணில் வீடுகள் இப்படி இறங்கி, காப்பீட்டு நிறுவனங்களிடம் நஷ்டஈடு கேட்டு மக்கள் குவிந்தார்கள். நம் கரிசலும் அந்த ஜாதிதான். ஆகவே கரிசல் மண்ணில் வீட்டை ஒட்டி வேப்பமரமோ புங்கமரமோ வைக்காதே என்று ஒரு இன்ஜினியர் சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் மரத்துக்குச் சொன்னதை எடுத்து மருதாணிக்குச் சொன்னால்தான் கோபம் வருகிறது.

மென்பொருள் வேலையில் இது எங்களுக்குத் தினசரி நடக்கும் கூத்து. ராத்திரி சர்வர் விழுந்துவிட்டால், கடைசியாக எவன் கைவைத்தானோ அவன்தான் குற்றவாளி. கண்ணுக்குத் தெரிகிறவன் அவன் ஒருவன்தானே. மூன்று வருஷம் முன்னால் போட்ட அரைகுறை வேலை அடியில் இருந்து சிரிக்கும். வீட்டிலும் அதேதான். மாடித் தண்ணீரை இறக்கும் குழாய் நேராகச் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது. பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்காமல் தளம் போட்டிருக்கிறார்கள். குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது. சுற்றிப் போட்ட சிமென்ட் தளம் வெளிப்பக்கமாகச் சரியாமல் வீட்டுப் பக்கமாகச் சரிகிறது. இத்தனையும் மண்ணுக்கடியில். வெளியே தெரிவது ஒரு செம்பருத்திச் செடி. பிடி அதை, வெட்டு.

இப்போது எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். சுவரை ஒட்டியே நடக்கூடாது. சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிகிற மாதிரி ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒரு சிமென்ட் ஓரம் இருக்கட்டும். மழைத்தண்ணீர் கடைக்காலில் இறங்காமல் இருக்க அது அவசியம், கரிசல் என்றால் கட்டாயம். மண்மட்டம் எப்போதும் பேஸ்மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். சருகையோ உரத்தையோ சுவரில் சாய்த்துக் குவித்தால் கரையான் அந்த மறைவில் ஏறிவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. செடி முழுசாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் விரியுமோ அதில் பாதியாவது சுவருக்கும் தண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஆறடி விரிகிற நந்தியாவட்டைக்கு மூன்றடி. சன்ஷேடுக்கு நேர் கீழே நட்டால் மழை அதன் மேல் விழவே விழாது, பாவம். அதையும் தள்ளி நடுங்கள்.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்பீர்கள். நகரத்துக்குள் ரெண்டு சென்டில் கட்டியவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் வாசலில் ஒரு துளசி வைத்தாலே பெரிசு. எட்டு சென்ட், பத்து சென்ட் மனையில் கட்டிவிட்டு, மிச்ச இடம் முழுக்கக் கல்லால் மூடி, அதில் ஒரு காரையும் இரண்டு பைக்கையும் நிறுத்துகிறவர்களோடுதான் என் சண்டை.

பாம்பு வரும் என்பது அடுத்த வாதம். வரும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். வீடு கட்டி முடித்து மிஞ்சிய செங்கல்லும் உடைந்த டைல்ஸும் பின்பக்கம் குவிந்து கிடக்கும் வீட்டில், செடியே இல்லாவிட்டாலும் வரும். செடியின் அடிக்கிளைகளை ஒரு முழம் உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரை தெரியும், எது ஊர்ந்தாலும் தெரியும். இதைப் பாம்பு நிபுணரிடம் கேட்க வேண்டியதில்லை, ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற எந்த அக்காவிடமும் கேட்கலாம்.

ஏலத்தோட்டம் என்று சொன்னதும்தான் எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வருகிற இடத்துக்கு வந்து சேர்கிறேன்.

போடி எதை வைத்துப் பிழைக்கிறது? ஏலத்தை வைத்து. ஏலக்காய் ஏலம் போகும் ஊர் (தமிழ் செய்த இந்தச் சிலேடைக்கு ஊர்க்காரர்கள் சிரிப்பதை நிறுத்திப் பல காலமாகிறது). நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இங்கேயும்தான் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை போனது. தினமும் விடியுமுன் ஜீப்புகள் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மலைக்குப் போகின்றன.

மலையில் என்ன நடக்கிறது? ஏலம் நிழல் இல்லாமல் வாழாது. மழைக்காட்டின் பெரிய மரங்களுக்குக் கீழே, அடித்தட்டில் வளரப் பிறந்த செடி அது. வெயில் நேராக அடித்தால் இலை கருகும், காற்று அறைந்தால் தட்டை சாயும். வேர் மேலாகவே ஓடுவதால் தரை காயவே கூடாது. அதனால்தான் தோட்டக்காரர்கள் மழைக்கு முன் நிழல்மரத்தைக் கவாத்து செய்வார்கள். மொத்தமாக வெட்டுவதில்லை, எவ்வளவு வெளிச்சம் உள்ளே விழ வேண்டுமோ அவ்வளவுக்குத்தான். சரம் தரையில் படுத்துப் பூக்கும் செடிக்கு அடியில் சருகு பரப்பி வைப்பார்கள், ஈரம் நிற்க. தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுப்பார்கள். 2024 கோடையில் மழை பொய்த்து இடுக்கியில் தோட்டம் தோட்டமாக ஏலம் கருகியபோது, நிழல்மரம் போதாமல் பச்சை வலை வாங்கிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். செடிக்குக் குடை பிடித்த மனிதர்கள். நிழல், சருகு, வடிகால், மேல்வேர் என்று தாவரவியல் பேராசிரியருக்கு இணையாக இவர்கள் பேசுவார்கள்.

அந்த மனிதர்தான் காய் விற்ற காசில் கீழே போடியில் வீடு கட்டி, மேற்குச் சுவர் முழுக்க வெயில் அறையும்படி விட்டு, காலடியைக் கல்லால் மூடி, ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறது என்று ஒவ்வொரு அறைக்கும் ஏ.சி. மாட்டுகிறார். பேவர் பிளாக் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வட்டியோடு ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த மேற்குச் சுவருக்கு மூன்றடி தள்ளி ஆளுயரத்துக்கு ஒரு வரிசைச் செடி நின்றால் சுவரில் விழுகிற வெயிலில் ஒரு பங்கை இலை வாங்கிக்கொள்ளும், காலடி மண் குளிர்ந்து கிடக்கும். மலையில் தெரிந்த இந்தக் கணக்கு மலை இறங்கினால் எப்படி மறந்துபோகிறது?

மாமா ஒருத்தரிடம் இதையே கேட்டேன். ஐம்பது வருஷமாக மலை ஏறி இறங்கியவர். "மாப்ள, அது தோட்டம், இது வீடு" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு விளக்கம் எதுவும் தரவில்லை, தரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

பயத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். தோட்டம் என்றால் உழைப்பு, சேறு, அட்டைக்கடி. வீடு என்றால் இதிலிருந்தெல்லாம் தப்பித்துவிட்டோம் என்பதற்கான ரசீது. மண் தெரிகிற முற்றம் பழைய ஏழ்மையை ஞாபகப்படுத்துகிறது. கல் பாவிய முற்றம், காலில் மண் ஒட்டாத தலைமுறை வந்துவிட்டது என்று தெருவுக்கு அறிவிக்கிறது. இந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். அட்டைக்கடி பட்டவனுக்கு அந்தக் கல்லின் மேல் உரிமை உண்டு. ஆனால் ஆசையை ஆசை என்று சொல்லாமல் "வேர் பிளக்கும்" என்று விஞ்ஞானம் பேசுவது எதற்கு?

இதைவிடக் கனமான வாதம் அத்தையிடம் இருந்தது. "செடி வைக்கலாம்ப்பா. எல கொட்டும்ல, தினம் கூட்டுறது யாரு, நீயா பெங்களூர்லருந்து வருவ?" இதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் எனக்கு வெட்கமில்லை என்று அர்த்தம். மண்வாசல் என்றால் காலையில் ஒரு பெண் குனிந்து பெருக்கி, சாணம் தெளித்து, மறுபடி சாயங்காலம் பெருக்குவது. பேவர் பிளாக் வந்து அந்த முதுகுகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது உண்மை. திண்ணையைப் பற்றியும் முற்றத்தைப் பற்றியும் பிளாட்டில் உட்கார்ந்து உருகி உருகிக் கவிதை எழுதும் நம் நண்பர்களில் எத்தனை பேர் அந்த முற்றத்தை ஒருநாளாவது பெருக்கியிருப்பார்கள்?

ஆனால் யோசித்துப் பாருங்கள், இலை எப்போது குப்பையாகிறது? கல்லின் மேல் விழும்போது. மண்ணின் மேல், செடியின் அடியிலேயே விழுந்தால் அது சருகு, அங்கேயே கிடந்து மக்கிப் போகும். ஏலத்தோட்டத்தில் யாரும் இலை பெருக்குவதில்லை, பெருக்கினால் முதலாளி சத்தம் போடுவார். நடக்கிற பாதைக்கு மட்டும் கல் போட்டுவிட்டு, செடி நிற்கிற மூன்றடியில் விழுந்த இலையை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டால் அத்தைக்கு வேலை கூடாது, குறையும். தொட்டிச்செடிதான் வேலை. கோடையில் தினம் தண்ணீர் கேட்கும், ஒரு வாரம் ஊருக்குப் போனால் செத்துப்போகும். தரையில் இறங்கிய செடி ரெண்டு வருஷம் தாண்டிவிட்டால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இதை அத்தையிடம் சொன்னேன். "சரி, நட்டுக் காட்டு" என்றார். மாமாவைவிட அவர் நல்ல வாதி.

பழைய வீடுகளில் சுவரோரம் பூஞ்செடி வரிசை இருந்தது என்றும் நான் கதை விடப்போவதில்லை. மண்சுவர் வீட்டில் சுவருக்குப் பக்கத்தில் ஈரம் ஆகாது. அதனால்தான் கூரையைத் தாழ இறக்கி வெளியே நீட்டினார்கள். செடிகள் இருந்த இடம் தண்ணீர் போகும் இடம். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும், குளித்த தண்ணீர் கருவேப்பிலைக்கும் கனகாம்பரத்துக்கும் போனது. வீட்டுப் பெண்கள் போட்ட பொறியியல் அது, எந்த பிளானிலும் வரைந்ததில்லை. இன்று அந்தத் தண்ணீர் குழாயில் ஏறிச் சாக்கடைக்குப் போகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டி ஜல்லி போட்டார்கள். அந்தக் குழியின் மேலேயே பேவர் பிளாக் பதித்த வீடுகளை நான் காட்டமுடியும். மழை வந்தால் தண்ணீர் தெருவுக்கு ஓடும், வெயில் வந்தால் லாரித் தண்ணீருக்குப் போன் போடுவார்கள்.

சுவரின் அடியில் புதர் வரிசை வைப்பது அமெரிக்காவில் ஒரு வழக்கமாகவே ஆனதற்குக் காரணம் மிக அற்பமானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வீடுகள் தரைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் உயரமான கல் அடித்தளத்தின் மேல் நின்றன. பார்க்க நன்றாக இல்லை, அதை மறைக்கப் புதர் நட்டார்கள். பிறகு அடித்தளம் தாழ்ந்துவிட்டது, மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, புதர் மட்டும் சம்பிரதாயமாகத் தொடர்ந்தது. ஊருக்கு ஊர் ஒரே செடி, ஒரே உயரம், ஒரே வெட்டு. இப்போது நம் லேஅவுட் விளம்பரங்களிலும் வில்லா படங்களிலும் வருவது அந்தப் புதர்தான். அதுதான் என் இரண்டாவது சண்டை. கல்லை எடுத்துவிட்டு அந்தப் புதரை வைப்பதாக இருந்தால், கல்லே இருக்கட்டும்.

மிகைப்படுத்தவில்லை. போடிமெட்டுக்கு ஏறும்போது சாலையின் இரண்டு பக்கமும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடியைப் பாருங்கள். அதை மலையில் யாரும் விதைக்கவில்லை. தென்னமெரிக்க, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து துரைமார் பங்களாக்களுக்கு வேலிச்செடியாகப் போனது. பங்களா ஓரத்துப் பழத்தைக் குருவி தின்றது, குருவி மலைக்குப் பறந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல், ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை, இந்தச் செடி பிடித்துவிட்டதாகக் கணக்கிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது, புல் இல்லாத காட்டில் மானுக்கும் மாட்டுக்கும் வேலையில்லை. கோடையில் அது விறகுக்கட்டு மாதிரி எரியும். ஒரு வீட்டு ஓரத்துச் செடி செய்த வேலை இது. கூடலூர் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் அந்தக் குச்சியை வேகவைத்து வளைத்து முழு உயர யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காவில் நின்றன, 2024-இல் அமெரிக்கா போயின. அழகான காரியம்தான். யானைக்குத் தீனி இல்லாமல் செய்த செடியில் யானை பொம்மை.

மஞ்சள் கொன்றை என்று நாம் ரசித்து நட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் நீலகிரிக் காட்டை அடைத்து, இப்போது வெட்டிக் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். காம்பவுண்டு ஓரம் சீக்கிரம் பச்சைச் சுவராகும் என்று கோனோகார்ப்பஸை வைத்தார்கள், 2023-இல் குஜராத் அதைத் தடை செய்தது, பின்னாலேயே தமிழ்நாடும் வந்தது. இதற்குப் பிறகும் நர்சரியில் போய் "தண்ணி கேக்காம, ஆடு கடிக்காம, சீக்கிரம் வளர்ற மாதிரி ஒண்ணு குடுங்க" என்கிறோம். ஆடு கடிக்காத, வறட்சிக்கு அசையாத, வேகமாக வளர்கிற செடி என்றால் அது காட்டைப் பிடிக்கத் தேவையான தகுதிப் பட்டியல். மலையடிவார ஊர்க்காரன் அதைக் கேட்டு வாங்கவே கூடாது. குறிப்பாக மஞ்சள் பூ பூக்கும் அந்தத் தரைக்கொடி, வெடேலியா. சரிவில் மண்ணை மூடும் என்று மலை வீடுகளில் வைக்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் உண்ணிச்செடியோடு அதுவும் இருக்கிறது. ஈரமான ஓடைக்கரை கிடைத்தால் போதும் அதற்கு.

சுதேசி வெறி என்று நினைக்க வேண்டாம். செம்பருத்தி வெளியிலிருந்து வந்ததுதான், மிளகாயும் வந்ததுதான். வந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பது செடி விஷயத்திலும் அசட்டுத்தனம். செம்பருத்தி இருநூறு வருஷமாக வீட்டோரம் நிற்கிறது, ஒருநாளும் காட்டுக்குள் ஓடவில்லை. அது இருக்கட்டும்.

மலைச்சரிவு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே செடிப் பிரியர்களும் பொய் சொல்கிறார்கள். ஜே.சி.பி.யை விட்டு மலையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி மட்டமாக்கி, அந்தத் தளர்ந்த மண்ணின் மேல் பாதி வீட்டை நிறுத்திவிட்டு, ஓரத்தில் நாலு புதர் வைத்தால் மண் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்காது. புதரின் வேர் மேல் ஒன்றிரண்டு அடியை மழை அரிக்காமல் காக்கும். அது சின்ன வேலை இல்லை. ஆனால் சரிவு வழுக்குவது அதற்கு வெகு கீழே, பாறையும் மண்ணும் சந்திக்கும் இடத்தில், தண்ணீர் நிறைந்து. வெட்டிவேர் பத்தடி வரை இறங்கும். அதுவும் செங்குத்தாக அறுத்த மலையைத் தாங்காது. தாங்குசுவரில் தண்ணீர் கசிய விட்ட துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு ("அசிங்கமா ஒழுகுதுங்க") அதன் மேல் பூங்கொடி படரவிட்டிருப்பதையும் பார்த்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிற தண்ணீரின் எடையைப் பூங்கொடி சுமக்கப் போகிறதா?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை இறங்கி லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள். மறுநாளே வாட்ஸப்பில் "மரம் நடாததால்தான்" என்று ஓட ஆரம்பித்தது. அந்த வரிசை வீடுகளை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர்களை விட்டுவிட்டு மரத்தைப் பேசுவது சௌகரியமாக இருக்கிறது. செடிக்கு ஆதரவாக எழுதுகிற நான் இதில் செடியைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

ஆனால் லயன் வாசல்களைப் பற்றி வேறொன்று சொல்ல வேண்டும். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தங்கி வேலை செய்கிறவருக்கு வீடு கொடுக்க வேண்டியதை முதலாளியின் கடமையாக்கியது. கொடுத்த வீடு, சொந்த வீடு இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அந்த வீட்டு வாசலில், சுவரை விட்டு இரண்டு மூன்றடி தள்ளி, சாக்கடை ஓரமாகப் பாத்தி பிடித்து டேலியாவும் ரோஜாவும் நாலு முட்டைக்கோஸும் வைத்திருப்பார்கள். மலையில் எந்த லயத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பட்டா இல்லாத மண்ணில் நட்டவர்கள் அவர்கள். பத்திரமும் பட்டாவும் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் சொந்த மண்ணைக் கண்ணில் படாமல் மூடுகிறார்கள்.

என்ன நடலாம்? பெரிய பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. நர்சரியில் இக்சோரா என்று விற்பதில் சிவப்புப் பூக்காரன் வெட்சிதான், நம் இட்லிப்பூ. புறத்திணையில் ஆநிரை கவரப் போகிறவன் சூடிய பூவை இருநூறு ரூபாய் கொடுத்து ஆங்கிலப் பெயரில் வாங்குகிறோம். நிழலிலும் வளரும் என்பதால் வடக்குச் சுவருக்கு நந்தியாவட்டை. ஆடு தொடாத செடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஆடாதோடை என்று பெயரிலேயே பதில் இருக்கிறது, இருமலுக்கும் ஆகும். அடுப்படிக் குழாயின் முனையில் கருவேப்பிலை, ஆனால் சோப்புத் தண்ணீரை நேராக விடாதீர்கள்.

மேற்குச் சுவருக்கு நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையில் மதிலைக் காத்து நிற்பதற்கே நொச்சித் திணை என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் நொச்சிப் பூச் சூடிக் கோட்டையைக் காப்பார்கள், வெளியே நிற்பவர்கள் உழிஞை சூடி முற்றுகை இடுவார்கள். சுவருக்கும் நொச்சிக்கும் உள்ள உறவு இவ்வளவு பழசு. அதைப் போய்ச் சுவருக்குச் சத்துரு என்கிறார்கள். சென்னை மாநகராட்சி சில வருஷங்களுக்கு முன்னால் கொசு ஒழியும் என்று நொச்சிக் கன்று விநியோகம் செய்தது. நட்டு வைத்தால் மட்டும் கொசு ஓடாது, சாயங்காலம் இலையைப் புகை போட வேண்டும். விடாமல் வளரும், வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அடர்ந்து தழைக்கும். வெயிலுக்கு அசராது.

நர்சரிக்குப் போகவேண்டியதுகூட இல்லை. யார் வீட்டு வேலியிலாவது நிற்கிற நொச்சியில், கேட்டுவிட்டு, விரல் கனத்துக்கு ஒரு முழக் குச்சியாக ஏழெட்டு ஒடித்துக்கொள்ளுங்கள். புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால். மேற்குச் சுவரிலிருந்து நாலடி தள்ளி ஒரு வரிசை பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுங்கள், அது மணல் மேல் சும்மா பதித்ததுதான், ஒரு கடப்பாரையும் அரை நாளும் போதும். அடியில் மண் செங்கல் மாதிரி இறுகியிருக்கும். ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்தி, தண்ணீர் விட்டு, மறுநாள் சாணி எருவைக் கலந்து, குச்சியில் பாதி உள்ளே போகிற மாதிரி சாய்த்து நடுங்கள். கணு மேல்பார்த்து இருக்க வேண்டும்.